கேட்காமல் சொன்ன பதில்

எங்கள் தொழிலில், கேட்காமலே "கேட்டாச்சு" என்று சொல்வதை யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. வாங்க வந்தவர் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். "பார்ட்டிகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுவேன். பஜாரில் ஒரு சாயா குடித்து, ஒரு பழம்பொரியும் தின்று, வீட்டுக்குப் போய்த் தூங்கி, மறுநாள் காலையில் ஃபோன் செய்வேன். "கேட்டாச்சு சார், ஒரு பைசா இறங்கமாட்டேங்கறா." விற்பவரின் காதுக்கு அந்தப் பேச்சே போயிருக்காது. போனால் மனசு இளகும், இளகினால் விலை இறங்கும், இறங்கினால் எனக்குத்தான் நஷ்டம். மட்டாஞ்சேரியில் இருபத்தெட்டு வருஷமாக இப்படித்தான் சோறு தின்கிறேன். இதைச் செய்யாத புரோக்கர் ஒருவனைக் காட்டினால் அவன் காலில் விழுகிறேன்.

என் பெயர் வெங்கிடேஸ்வரன். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. புரோக்கர் சாமி வெங்கிட்டு என்று கேட்க வேண்டும். காக்கநாட்டில் ஃபிளாட் விற்கும் பிள்ளைகள் டை கட்டியிருக்கிறார்கள், கார்டில் ரெரா சட்டப் பதிவு எண் அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் வாங்க வந்தவரிடம் பொய் சொன்னால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் புதிதாகக் கட்டி விற்கிற திட்டங்களுக்கு. மூன்று சென்ட், நான்கு சென்ட் பழைய வீடுகளைக் கைமாற்றிவிடும் என்னைப் போன்றவனை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விற்பவர் இரண்டு சதவீதம், வாங்குபவர் இரண்டு சதவீதம் என்பதெல்லாம் வெறும் வாய்ச்சொல். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் எங்களைக் காப்பாற்றிக்கொள்ள நாங்களே சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். அதில் முதலாவது, அக்ரிமெண்ட் எழுதும் நாள்வரை இரண்டு பார்ட்டியையும் நேருக்கு நேர் பார்க்க விடக்கூடாது. பார்த்துவிட்டால் அவர்கள் ஒன்றாகிவிடுவார்கள், புரோக்கர் நடுத்தெருவில் நிற்பான். நான் நின்றிருக்கிறேன்.

போன ஜூலையில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சீதாலக்ஷ்மி மாமி கூப்பிட்டு அனுப்பினாள். பாலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூணேமுக்கால் சென்ட், மாடி வைத்த வீடு. மாமிக்கு எழுபத்துநாலு வயசு. கணவர் ஒரு மிளகு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகள் மதுவந்தி, தேவராவில் இருக்கிறாள். மகளோடு மாமிக்குப் பேச்சில்லை.

"வெங்கிட்டு, வீட்டைக் கொடுத்துடலாம்னு நெனைக்கறேன்" என்றாள் மாமி. "கால்முட்டு ரெண்டும் போயாச்சு, மாடி ஏறி மூணு வருஷம் ஆறது. பாலக்காட்டுல நம்மவா ஒரு இல்லம் நடத்தறா. பணத்தைக் கட்டினா கடைசிவரைக்கும் பாத்துப்பாளாம்."

"மதுகிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"அவதான் ஒழிமுறி எழுதிக் கொடுத்துட்டுப் போயாச்சே. இனி அவளுக்கும் எனக்கும் என்ன? அந்தப் பேப்பரைத் தூக்கிண்டு அங்கயும் இங்கயும் நடந்ததே நீதானே?"

நடந்தது நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மதுவின் கணவன் நிகில் கூட்டாளியோடு தொடங்கிய வியாபாரம் படுத்துவிட்டது. கழுத்தளவு கடன். மது அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். யார் பேச்சைக் கேட்டாளோ, அப்பாவின் பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டாள். மாமி கொதித்துப்போனாள். நகையை விற்றுப் பங்குப் பணத்தைக் கொடுத்தாள், மது தன் உரிமையை விட்டுக்கொடுத்து ஒழிமுறிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ரெஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் அந்தக் கோடியில் மகள், இந்தக் கோடியில் தாய், நடுவில் நான். வெளியே வந்ததும் மாமி தன் ஃபோனை என்னிடம் நீட்டி, "அவ நம்பரை அழிச்சுக் கொடு" என்றாள். அழித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே ஊரில், ஒரு பாலம் தாண்டினால் வீடு, பேசவில்லை.

ஒரு மாசம் கழித்து யூசுப் பாய் ஃபோன் செய்தான். அவன் தோப்பும்படியில் தொழில் செய்கிற புரோக்கர், தென்காசிக்காரன், என்னைவிடப் பெரிய புளுகன். "சாமி, உங்க மாமி வீட்டுக்கு பார்ட்டி ரெடி. சொன்ன விலைக்கே எடுக்கறாங்க. வீடு பாக்கவே வேண்டாமாம்."

வீடு பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒருவன் பார்ட்டியின் பெயரை இன்னொருவன் கேட்கக்கூடாது என்பது எங்களுக்குள் இருக்கும் மரியாதை. அதை மீறி, பார்ட்டியைக் காட்டாவிட்டால் வேலையை எடுக்க மாட்டேன் என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே என்னைத் தேவராவில் ஒரு பேக்கரிக்குக் கூட்டிப்போனான். மூலை மேஜையில் மது உட்கார்ந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயசு இருக்கும், கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்து, மாமியை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"வெங்கிட்டு மாமா, நீங்கதான் வருவேள்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் யூசுப்பைப் பார்த்தேன். அவன் எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான்.

"அம்மா வீட்டைக் கொடுக்கறான்னு கேள்விப்பட்டேன். நிகிலுக்கு இப்ப காக்கநாட்டுல நல்ல வேலை. லோன் சாங்ஷன் ஆயாச்சு. நாங்க வாங்கிக்கறோம் மாமா. அம்மா எங்கயும் போகவேண்டாம். கீழ அம்மா இருக்கட்டும், மாடியில நாங்க இருந்துக்கறோம்."

"மாமிக்கு இது தெரிஞ்சா..."

"அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்றேன். நீங்க அம்மாகிட்டக் கேளுங்கோ. மது வந்தா ஆத்துக்குள்ள விடுவேளான்னு மட்டும் கேளுங்கோ. விடுவேன்னு சொன்னா அன்னைக்கே வந்து கால்ல விழறேன். வேண்டாம்னு சொன்னா, வாங்கறது யாருன்னு சொல்லாமலே முடிச்சுக் கொடுங்கோ. வீடாவது கைவிட்டுப் போகாம இருக்கட்டும்." அவள் டீயை ஆற வைத்துவிட்டுக் குடிக்காமலே தள்ளிவைத்தாள். "எனக்கு நேர போகத் தைரியம் இல்லை மாமா. நோட்டீஸ் அனுப்பினவ இல்லையா நான்."

"கேக்கறேன்" என்றேன்.

பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன். எதையும் மறைக்காமல் சொல்கிறேன், நான் மாமியைப் பற்றி யோசிக்கவில்லை, மதுவைப் பற்றியும் யோசிக்கவில்லை. எட்டு மாசமாக ஒரு கச்சவடம், ஒரு விற்பனைகூட முடியவில்லை. மாமியிடம் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மாமிக்குக் கோபம் வந்து விற்பனையே வேண்டாம் என்பாள். அல்லது மனசு இளகி, வாடி என்று கூப்பிட்டுக்கொள்வாள். கூப்பிட்டுக்கொண்டால் அப்புறம் தாயும் மகளும் தங்களுக்குள் விற்று வாங்குவார்களா? விற்பனையும் இல்லை, கமிஷனும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கிடைப்பது ஒரு டம்ளர் காப்பி.

மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு மதுவுக்கு ஃபோன் செய்தேன்.

"கேட்டேன் மது. வேண்டாங்கறா."

வாயிலிருந்து வழக்கம்போல வழுக்கிக்கொண்டு வந்தது. விலையைப் பற்றிச் சொல்வேனே, அதே குரலில், அதே சலிப்போடு. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு "செரி மாமா" என்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "இப்பத்தான் வேண்டாங்கறா, அக்ரிமெண்ட் ஆகட்டும், கொஞ்சம் ஆறட்டும், நான் பாத்துக்கறேன்" என்று ஏதேதோ சேர்த்தேன்.

என்னை மிருகம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குள் ஒரு திட்டம் இருந்தது. அக்ரிமெண்ட் எழுதுகிற அன்றைக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இதுதான் மாமி உங்கள் பார்ட்டி என்று சொல்லிவிடுவது. இரண்டு பேரும் அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். என் காசும் வந்துவிடும், புண்ணியமும் வந்துவிடும். அந்தக் காட்சியை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அதுவரை ஐந்து வாரம் பொறுத்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டோக்கன் அட்வான்ஸ் கைமாறியது. மதுவின் பணத்தை யூசுப் என்னிடம் கொடுத்தான், நான் மாமியிடம் கொடுத்தேன். மாமி வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆத்தைப் பாக்காமலே வாங்கறவா உண்டோ?"

"துபாய் பார்ட்டி மாமி. வீடியோ எடுத்து அனுப்பிட்டேன். ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"பேரென்ன?"

"அக்ரிமெண்ட் அன்னைக்குத் தெரிஞ்சுக்கலாம். இப்பவே எதுக்கு?"

"துபாய்க்காராளுக்கு இந்த ஒடுங்கின சந்துல எந்துக்கு வீடு? உன் பேச்சை நம்பறதுக்கு என்னைத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை உள்ளே கொண்டுபோனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியின் வாய் அப்படி. அந்த வாய்க்குப் பயந்துதான் அந்தச் சந்தில் மீன்காரன்கூடக் குரலைத் தணித்துக்கொண்டு போவான்.

பத்திரம் எழுதும் வாஞ்சிநாதனிடம் அக்ரிமெண்ட் நகலைத் தயார் செய்யச் சொன்னேன். விற்பவர் பெயர் சீதாலக்ஷ்மி. வாங்குபவர் பெயருக்கு இடம் விட்டிருந்தோம். அக்ரிமெண்ட் அன்று காலையில்தான் அதை நிரப்புவது வழக்கம், அதுவும் எங்கள் பழக்கங்களில் ஒன்று. திங்கட்கிழமை பத்தரை மணிக்கு என்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய வியாழக்கிழமை கரண்ட் பில் நகல் வாங்க மாமி வீட்டுக்குப் போனேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வரும் சங்கரி, தேனிப் பக்கத்துப் பெண், பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வெங்கிட்டு, மது நம்பர் உன்கிட்ட உண்டோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எதுக்கு மாமி?"

"வீட்டைக் கொடுக்கறேன்னு அவகிட்டச் சொல்லணும். வேற ஒருத்தர் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம். கைமாறதுக்கு முன்னால ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்." தைலக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "அவமேல மட்டும் தப்பில்லை. கையில காசில்லாம கஷ்டப்பட்டிருக்கா. நான் அந்த நோட்டீசையே பாத்துண்டிருந்தேன். நிகிலுக்கு என்னாச்சு, ரெண்டு பேரும் சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஒன்பது வருஷம்டா வெங்கிட்டு. ரெண்டு பேர்ல ஒருத்தர் முதல்ல பேசணும். நான் தானே பெரியவ, நான் பேசறேன்."

என் சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. அதில் மதுவின் நம்பர் இருந்தது. அன்று காலையில்கூட அவள் கூப்பிட்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டிருந்தாள். எடுத்துக் கொடுத்திருந்தால் அங்கேயே, அந்தக் கூடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அக்ரிமெண்டுக்கு இன்னும் நாலே நாள். நாலு நாள் முன்னால் தாயும் மகளும் பேசிக்கொண்டால் என் கதி என்ன? அதுதான் எனக்குத் தோன்றியது. அதுமட்டும்தான் தோன்றியது.

"பழைய நம்பர் ஒண்ணு இருந்தது மாமி. அது மாறிப்போச்சு. விசாரிக்கறேன்."

மாமி தைலக் குப்பியை எடுத்து மூடினாள். பிறகு, "மாத்திண்டாளோ" என்றாள். "எனக்குத் தெரியவேண்டாம்னுதான் மாத்திண்டிருப்பா."

"அப்படியெல்லாம் இருக்காது மாமி. எல்லாரும்தான் நம்பர் மாத்தறா."

"செரி. நீ விசாரி."

கரண்ட் பில் நகலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை மாமிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்பர் கேட்ட மாமிக்கு மகளையே கொண்டுவந்து நிறுத்தப்போகிறேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமி கூப்பிட்டாள். "நம்பர் கிடைச்சுதோ?" என்றாள். "ஒருத்தர்கிட்டக் கேட்டிருக்கேன் மாமி. திங்கட்கிழமைக்குள்ள கிடைச்சுடும்" என்றேன். "மறந்துடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்குச் சங்கரி கூப்பிட்டாள். "ஐயா, அம்மா அடுப்படியில விழுந்துட்டாங்க. கூப்பிட்டாப் பேச்சில்ல. சீக்கிரம் வாங்க." நான் ஆட்டோ பிடித்துப் போனேன். அண்டை வீட்டுக்காரர்களும் நானுமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். யாருக்குத் தகவல் சொல்லணும் என்று நர்ஸ் கேட்டாள். மகளுக்கு என்றேன். நம்பர் இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றேன்.

மது முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். பாலத்தில் நெரிசல், பாதி வழியில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள். நைந்த ஒரு வீட்டுச் சுரிதார். கையில் சாக்பீஸ் தூள். சனிக்கிழமை வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாளாம். அவள் அழவே இல்லை. அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "குளிர்ந்துபோச்சே மாமா, குளிர்ந்துபோச்சே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு அழுதேன். பார்த்தவர்கள் நான் மாமிக்கு ரொம்ப வேண்டியவன் என்று நினைத்திருப்பார்கள்.

காரியங்கள் எல்லாம் அந்த வீட்டிலேயே நடந்தன. வந்தவர்களிடமெல்லாம் மது, "கடைசிவரைக்கும் அம்மாவுக்கு வெங்கிட்டு மாமாதான் துணை" என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஐந்தாறு தடவை வாயைத் திறந்தேன். யாராவது வந்துவிடுவார்கள், அல்லது வந்துவிட்டதாக நான் நினைத்துக்கொள்வேன்.

பதின்மூன்றாம் நாள் கழிந்து, டோக்கன் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள மதுவும் நானும் வாஞ்சிநாதனிடம் போனோம். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, வெளியே சின்ன வராந்தா. அவர் திருநெல்வேலிக்காரர், முப்பது வருஷமாக இங்கே பத்திரம் எழுதுகிறார். அலமாரியிலிருந்து அந்த அக்ரிமெண்ட் நகலை எடுத்து மேஜையில் விரித்தார்.

"விக்கிறவங்க போயாச்சு. இனி இதை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது சாமி. சொத்து யாருக்கு வருதோ அவங்கதான் இனி விக்கணும். வாரிசு யாரு, இவங்க ஒரே மகள்தானே?"

"நான் ஒழிமுறி எழுதிக் கொடுத்தாச்சே சார்" என்றாள் மது. "எனக்கு இதுல ஒண்ணும் கிடையாது. அம்மாவும் அப்படித்தான் சொல்லிண்டிருந்தாளாம்."

"அது அப்பா வழியா உங்களுக்கு வந்த பங்குக்கும்மா. அதைத்தான் நீங்க அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தீங்க. அதோட முழுசும் அம்மா சொத்து ஆச்சு. இப்ப அம்மாவோட சொத்துக்கு நீங்கதான் வாரிசு. அம்மாவுக்கு நீங்க மகள் இல்லேன்னு ஆக்க எந்த ஒழிமுறியாலயும் முடியாது."

மது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மாமியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்தக் காகிதத்தோடு உறவும் தீர்ந்தது என்று. மூன்று பேரில் ஒருவருக்காவது சட்டம் தெரிந்திருக்கக் கூடாதா?

வாஞ்சிநாதன் புதிதாக எழுதுவதற்குக் குறிப்பாகப் பேனாவை எடுத்து, விற்பவர் பெயரை அடித்துவிட்டு மேலே மதுவந்தி என்று எழுதினார். பிறகு கீழே விட்டிருந்த இடத்தைத் தட்டினார். "வாங்கற பார்ட்டி பேரு? நீங்க இன்னும் சொல்லவே இல்லையே சாமி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதுவும் இவதான்."

அவர் என்னைப் பார்த்தார், மதுவைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். "மகளா வாங்க இருந்தாங்க? அம்மாவுக்குத் தெரியாதா?" அவர் நகலை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வில்லேஜ் ஆபீசில் வாரிசு சர்டிபிகேட்டுக்கு மனு கொடுக்க வேண்டும், ஃபாரம் எடுத்து எழுதுகிறேன், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார்.

வராந்தாவில் ஒரு பெஞ்ச் கிடந்தது. மது உட்கார்ந்தாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யாரோ பத்திரம் முடித்து லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? சங்கடமாத்தான் இருக்கும். ஆனாலும் எனக்குக் கேக்கணும்."

"கேளு."

"நான் வரட்டுமான்னு நீங்க கேட்டபோது அம்மா என்ன சொன்னா? வேண்டாம்னு எப்படிச் சொன்னா? சரியா என்ன வார்த்தை சொன்னா?" அவள் என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா என்னைப்பத்திக் கடைசியாச் சொன்னது அதுதானே. எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவாயில்லை. அம்மா வாயால சொன்னது எனக்கு வேணும். ராத்திரியெல்லாம் நானே ஒவ்வொண்ணா நெனைச்சுண்டு படுத்துண்டிருக்கேன் மாமா. இப்படிச் சொல்லியிருப்பாளோ, அப்படிச் சொல்லியிருப்பாளோன்னு."

நல்லதாக நாலு வார்த்தை கட்டிச் சொல்ல எனக்கு வராதா? இருபத்தெட்டு வருஷம் அதுதானே செய்தேன். இப்போதும் நாக்கு நுனியில் ஒன்று தயாராக வந்து நின்றது. அவள் கையைப் பார்த்தேன். மாமியின் விரல்கள்தான். அந்த நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"நான் கேக்கவேயில்லை மது."

அவள் திரும்பினாள்.

"கேட்டேன்னு உன்கிட்டச் சொன்னது பொய். மாமிகிட்ட நான் உன் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டா விற்பனை நின்னுபோயிடும்னு பயந்தேன். அக்ரிமெண்ட் அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அப்ப அம்மா வேண்டாம்னு சொல்லலையா? என்னை வேண்டாம்னு சொல்லவே இல்லையா?" என்று சின்னப் பெண்போலக் கேட்டாள்.

"இல்லை. மாமியே உன்னைக் கேட்டா. போறதுக்கு ரெண்டு நாள் முன்னால, வியாழக்கிழமை. தப்பு என்மேலயும் உண்டுன்னு சொன்னா. ரெண்டு பேர்ல நான் பெரியவ, நானே முதல்ல பேசறேன்னு சொன்னா. உன் நம்பரைக் கேட்டா. சனிக்கிழமை காலையிலயும் கூப்பிட்டுக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னேள்?"

நான் கீழே லட்டு கொடுப்பவர்களைப் பார்த்தேன்.

"மாமா, நீங்க என்ன சொன்னேள்?"

"உன் நம்பர் மாறிப்போச்சுன்னு சொன்னேன்."

மலர்ந்த முகம் என் கண்ணெதிரே வெந்துபோயிற்று. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது என்னிடம் கேட்பதுபோலக்கூட இல்லை.

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எனக்குத் தெரியவேண்டாம்னுதான் மாத்திண்டிருப்பான்னு சொன்னா."

மது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பார்ட்டியிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். அது யாருக்கும் எதற்கும் உதவவில்லை.

"அம்மா, ஃபாரத்துக்கு வாங்க, ரெண்டு விவரம் வேணும்" என்று உள்ளிருந்து வாஞ்சிநாதன் கூப்பிட்டார்.

அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் கதவருகில் போய் நின்றேன். இறந்தவர் பெயர் கேட்டார், சொன்னாள். உறவு கேட்டார், மகள் என்றாள். வீட்டு விலாசம் கேட்டார், தேவரா விலாசத்தைச் சொன்னாள்.

"ஃபோன் நம்பர்?"

மது திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்கோ சார். முதல் வேலைக்குச் சேர்ந்தப்போ அம்மா வாங்கிக் கொடுத்த நம்பர். எல்லாரும் எவ்வளவோ தடவை மாத்தச் சொன்னா, சிம் கம்பெனிகூட மூணு மாறியாச்சு, நம்பரை மட்டும் நான் விடலை. அம்மா என்னைக்காவது கூப்பிடுவாளோன்னு" என்றாள். பிறகு ஒவ்வொரு எண்ணாக, வயசான ஒருவர் காதில் விழும்படிச் சொல்வதுபோல, பத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வாஞ்சிநாதன் எழுதிக்கொண்டார்.